அழக்கூடாத ஆள்

மகள் மைதெய் வீட்டு கேட்டில் இரண்டு பூட்டுகள். ஒன்று திருடனுக்கு, இன்னொன்று அப்பாவுக்கு.

"பாத்துக்கங்க," என்று கம்பிக்கு இந்தப் பக்கம் வாக்கரைப் பிடித்து நின்றுகொண்டு, தெருவில் போகிறவர்களிடம் நாபோத் சொல்வார். "திருடன் உள்ள வரக்கூடாது, நான் வெளிய போகக்கூடாது. கோழி மட்டும் கம்பிக்கு அடியில பூந்து போயிட்டு வருது. அதுக்கு இடுப்பு உடையல, அதான்."

அவருக்கு எழுபத்தொன்பது வயது. ஜூன் மாதம் சொந்த ஊரான பூஹேராவில் தன் வீட்டு அடுப்படிக் கூரைக்குப் புல் வேய ஏறினார். ஏறாதே என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. இருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஹராரேயில் தகடு வைத்துத் தைத்து, அன்றிலிருந்து மகள் வீட்டில் வாசம். ஆகஸ்டில் ஒரு நாள் வாக்கரோடு கிளம்பி ம்பாரே பஸ் நிலையத்துக்குப் பாதி வழி போய்விட்டார். கீரை விற்கிற ஒருத்தி பார்த்து, தன் ஒற்றைச் சக்கர வண்டியில் கீரைக் கட்டுகளுக்கு நடுவே உட்காரவைத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டாவது பூட்டு அதற்கு மறுநாள் வந்தது.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? காலை ஐந்து மணிக்குச் சுரைக்காய்க் குடுக்கையைக் குலுக்கிக்கொண்டு கீர்த்தனை பாடுவார். பக்கத்து வீட்டு நாய் கூடவே ஊளையிடும். "அதுவும் மெதடிஸ்ட்தான்," என்பார். பிறகு வீட்டைச் சுற்றி நடை. பன்னிரண்டு சீடர்களுக்குப் பன்னிரண்டு சுற்று. யூதாஸ் சுற்றை மட்டும் வேகமாக முடித்துவிடுவார். அப்புறம் முற்றத்தில் உதிர்ந்த ஜகரந்தாப் பூக்களைக் கூட்டிக் குவிப்பார். குவித்து முடிப்பதற்குள் மறுபடி உதிரும். தண்ணீர் வருகிற நாளில் எல்லா வாளியையும் நிரப்பி வைப்பார். இத்தனையும் செய்த பிறகும் மணி ஒன்பதுதான் ஆகியிருக்கும். அந்த ஒன்பது மணியைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மகள் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விடுவாள். மிச்சப் பொழுது முழுக்கச் சுவரும் அவரும்தான்.

அக்டோபர் வெயில் தகரக் கூரையை வறுத்துக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, போன் வந்தது.

"சோக்கோ, பெட்ரோஸ் பேசுறேன்."

சோக்கோ என்பது நாபோத்தின் குலம், குரங்குக் குலம். பெட்ரோஸின் அப்பா செக்கரியா வீட்டார் ஷும்பா, சிங்கக் குலம். மரியாதைக்குப் பேரைச் சொல்லாமல் குலத்தைச் சொல்வார்கள்.

"சொல்லுடா சிங்கக்குட்டி. ஒப்பன் என்ன பண்றான்?"

"அப்பா போயிட்டாரு சோக்கோ. விடியக்காலைல."

"எங்க போனான்? பீர் கடைக்கா?"

"செத்துப்போயிட்டாரு."

நாபோத் வாய் விட்டுச் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்? இதுவரைக்கும் செக்கரியா ஏழு தடவை செத்திருந்தார், நாபோத் ஒன்பது தடவை. ஒருத்தன் செத்துவிட்டான் என்று ஆள் விட்டுச் சொல்லி, இன்னொருத்தன் பதறியடித்து ஓடி வந்தால் வாசலில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டிருப்பது, இருவருக்கும் இளவயதிலிருந்து பழக்கம். போன் வந்த பிறகு அலைச்சல் மிச்சம். மகனையோ மனைவியையோ விட்டுப் பேசச் சொல்வது, திட்டு வாங்கியதும் போனைப் பிடுங்கி ஹோவென்று சிரிப்பது.

அவர்கள் சும்மா சிநேகிதர்கள் அல்ல, சஹ்விரா. அப்பன்மார் காலத்திலிருந்து இறங்கி வந்த உறவு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மற்ற வீட்டார்தான் முன்னே நிற்க வேண்டும். குழி எங்கே என்று சொல்வதும், செத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு அவனைப் போல நடந்து காட்டுவதும், அழுது வீங்கின முகங்களைச் சிரிக்க வைப்பதும் அவர்கள் வேலை. யாரையும் திட்டலாம், பாதிரியாரையும் திட்டலாம். ஒன்றே ஒன்றுதான் கூடாது. சஹ்விரா அழக்கூடாது. அவன் அழுதுவிட்டால் அப்புறம் அந்த வீட்டைத் தேற்ற ஆள் கிடையாது.

"நல்லதாப் போச்சு போ," என்றார் நாபோத். "ஊர்ல நாத்தம் கொறையும். நெஞ்சு மேல அரைக்கிற கல்லத் தூக்கி வை, எந்திரிச்சு வந்துடப் போறான். நான் வரல. இங்க மக வீட்டுல கோழிக்கறி. அவன் பொணத்தப் பாக்க பஸ்ல குலுங்கிக்கிட்டு வரணுமா? நாய்க்குப் போடு."

பெட்ரோஸ் சிரித்தான். "சரிங்க சோக்கோ. சொல்லிடறேன்."

போனைப் பிடுங்கிச் சிரிக்கிற சத்தத்துக்காக நாபோத் காத்திருந்தார். வரவில்லை. இணைப்பு அறுந்திருந்தது. கிழவன் புதுசாக ஏதோ பண்ணுகிறான் என்று நினைத்துக்கொண்டார். புலி வருது கதைதானே.

மறுநாள் பகல் முழுக்கப் பின்வாசல் படியில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்தார். போன் சத்தமே இல்லை. மூன்று மணிக்கு அவருக்கே பொறுக்கவில்லை. செக்கரியாவின் எண்ணை அழுத்தினார். எடுத்ததும் முந்திக்கொண்டார்.

"என்னடா, மோட்சமா நரகமா? எந்த டவர்ல இருந்து பேசுற?"

"சோக்கோ."

பெண் குரல். தொண்டை கட்டிப்போன குரல். பெட்ரோஸின் அம்மா. அவளுக்குப் பின்னால் முரசும் பெண்கள் பாட்டும் கேட்டன. முரசைப் பொய்யாக அடிக்க மாட்டார்கள்.

"உள்ள கெடத்தியிருக்கு சோக்கோ," என்றாள். "நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கணும். நீங்க வரமாட்டேன்னு சொன்னீங்களாமே, பெட்ரோஸ் சொன்னான். விடிஞ்சதுல இருந்து அழுத வீடு, அதக் கேட்டுத்தான் சிரிச்சுது. நாய்க்குப் போடச் சொன்னீங்களாமே. நான்கூடச் சிரிச்சேன். எப்பக் கெளம்புறீங்க?"

மடியிலிருந்த கடலையெல்லாம் சிதறிவிட்டது. கால் சரியில்லை என்று சொல்லலாம். கேட் பூட்டியிருக்கிறது என்று சொல்லலாம். சொன்னால் அவள் சிரிப்பாள். வரமாட்டேன் என்று சொன்னது ஏற்கெனவே வேடிக்கையாகப் போய்விட்டது. இனி எதைச் சொன்னாலும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

"கோழி அடிச்சு வையி," என்றார். "கெழட்டுக் கோழி வேணாம், எனக்குப் பல்லு நாலுதான் இருக்கு."

அவள் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அழுகையாகிவிட்டது. நாபோத் போனை வைத்துவிட்டு, வாக்கரைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்குப் போய் இரண்டாவது பூட்டைக் கையில் பிடித்துப் பார்த்தார். வெயிலில் சுட்டது. மதில் அவர் உயரத்துக்கு இரண்டு பங்கு, மேலே கண்ணாடிச் சில்லு. எழுபத்தொன்பது வயதில் ஒருத்தன் மதிலைப் பார்த்து யோசிப்பது எவ்வளவு கேவலம் என்று தோன்றியது. அழுகை தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டார்.

நாலரைக்கு மைதெய் வந்தாள். ஐம்பது வயது, எலும்பு வார்டு நர்ஸ். நாள் முழுக்கப் பிறத்தியார் வலியைப் பார்த்துவிட்டு வருகிறவள்.

"முடியாதுப்பா," என்றாள், செருப்பைக்கூடக் கழற்றாமல். "தகடு வச்ச எலும்பு. சரளைக்கல் ரோட்டுல ஒரு குலுக்கல் போதும். மறுபடி திறக்கணும்னா உங்க நெஞ்சு தாங்காது. நான் சொல்லல, டாக்டரே சொன்னாரு."

"டாக்டருக்குச் செக்கரியாவத் தெரியுமா?"

"வெளையாடாதீங்கப்பா. நான் பெட்ரோஸுக்குப் போன் பண்ணி வெவரம் சொல்லிடறேன். வேற யாராவது செய்யட்டும்."

"வேற யாருன்னா? ரோட்டுல போறவனக் கூப்பிட்டுப் பொணத்தக் கேலி பண்ணச் சொன்னா ஒதைப்பானுங்க. நம்ம ரத்தம்தான் செய்யணும். உன் தம்பி செய்யணும். அவன் இங்கிலாந்துல உக்காந்து எவனோ வெள்ளக்காரக் கெழவனக் குளிப்பாட்டிக்கிட்டிருக்கான். இங்க இருக்கிற கெழவன நீ பூட்டி வச்சிருக்க."

மைதெய் முகம் சுண்டிப்போயிற்று. "பூட்டி வச்சிருக்கேனா? அம்மா போனப்போ நான் டூட்டில இருந்தேன். வந்து பாத்தா முடிஞ்சிருந்துது. உங்களையும் அப்படி விட்டுட்டு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு..." அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மின்சாரம் இல்லை. கரி அடுப்பில் சட்ஸாக் களி கிண்டினாள், கோபத்தில் கட்டி தட்டியது. கீரையும் வதக்கி வைத்தாள். வழக்கமாக நாபோத், "இந்தக் களிய வச்சு மதில் கட்டலாம்," என்பார். அன்று ஒன்றும் சொல்லாமல் தின்றார். தட்டைக் கழுவி வைத்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் பாட்டு இல்லை.

மைதெய் படுக்கையில் கிடந்தபடி காத்திருந்தாள். ஐந்தே கால் ஆயிற்று. பக்கத்து வீட்டு நாய் தனியாக ஒரு தரம் ஊளையிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டது. அவள் எழுந்து அப்பாவின் அறைக்கு ஓடினாள். கதவைத் திறந்தாள்.

கட்டில் விளிம்பில் நாபோத் உட்கார்ந்திருந்தார். சபை ஆண்கள் சங்கத்துச் சிவப்பு மேல்சட்டை, டை, பாலிஷ் போட்ட பூட்ஸ். தனியாகப் பூட்ஸ் மாட்ட அவருக்கு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும்.

"ஏம்ப்பா பாடல?" என்றாள்.

"வேலைக்குப் போற அன்னிக்குத் தொண்டையக் காப்பாத்தணும்," என்றார். "தாயி, நான் சாவு பாக்கப் போகணும்னு கேக்கல. செத்தவனப் பாத்து எனக்கு என்ன ஆகப்போகுது? வேலைக்குப் போகணும்ங்கிறேன். நீ காய்ச்சலோட எத்தன நாள் டூட்டிக்குப் போயிருக்க? வார்டுல ஆளு காத்துக்கிட்டிருக்குன்னு சொல்லுவ. நான் தடுத்தேனா? அங்க ஒரு வீடு முழுக்க எனக்காகக் காத்துக்கிட்டிருக்கு. எலும்பு ஒடஞ்சா ஒடையட்டும். ஆண்டவர் இத்தன வருஷம் இந்த எலும்ப எனக்கு எதுக்குக் குடுத்து வச்சாரு, உன் வீட்டுச் செவத்தச் சுத்தி வரவா?"

மைதெய் அந்தப் பூட்ஸைப் பார்த்தாள். வலது பூட்ஸ் கயிறு தப்பான ஓட்டையில் கோத்திருந்தது. குனிந்து அவிழ்த்து, சரியாகக் கட்டிவிட்டாள்.

"தலகாணி ரெண்டு எடுத்துக்கறேன்," என்றாள். "இடுப்புக்கு வச்சுக்கங்க. நான் சொன்னா எந்திரிக்கணும், நான் சொன்னா உக்காரணும்."

"சரிங்க சிஸ்டர்."

பூஹேராவில் மழையைக் கண்டு ஏழு மாதம். காடு சாம்பல் பூத்துக் கிடந்தது. மைதெய் ஓட்டி வந்த காரிலிருந்து வாக்கர் முதலில் இறங்கியது, பின்னால் சிவப்புச் சட்டை. செக்கரியா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் அலறினார்கள். அது அழுகையா குலவையா என்று பிரிக்க முடியவில்லை.

"எங்கடா அந்தச் சோம்பேறி?" என்று நாபோத் கத்தினார். "நான் நாலு காலு வச்சிக்கிட்டு வந்திருக்கேன், ரெண்டு காலு இருக்கிறவன் படுத்துக் கெடக்கானா? பெட்டியெல்லாம் எதுக்கு? மக்காச்சோளச் சாக்கு இல்லியா வீட்டுல?"

ஒரு முகம் சிரித்தது. அப்புறம் பத்து. உள்ளே போய்ச் செக்கரியாவின் முகத்தைப் பார்த்தார். பார்த்தது ஒரு நொடிதான். "இதான் இவன் மூஞ்சி கழுவின மொத நாள்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். செக்கரியாவின் தொப்பியைத் தலையில் கவிழ்த்து, கோட்டை மாட்டிக்கொண்டு, வாக்கரையே கலப்பையாகப் பிடித்து உழுது காட்டினார். செக்கரியா மாட்டைத் திட்டுகிற திட்டு, கோயிலில் பிரசங்கம் தொடங்கியதும் தலை சாய்கிற சாய்வு, ஆமென் சொல்கிற நேரத்துக்கு மட்டும் சரியாக விழிக்கிற விழிப்பு எல்லாம் வந்தன. பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பெட்ரோஸின் அம்மா போர்வைக்குள் குலுங்கினாள்.

கிழவிகள் மைதெயைப் பிடித்துக்கொண்டார்கள். "நீயும் சோக்கோதானடி. அப்பன் வாயில பாதிகூடவா இல்ல? ஏதாவது திட்டேன்."

"எனக்கு வராது பெரியம்மா," என்று அவள் ஒதுங்கினாள். மருந்து வேளை என்று அடுப்படிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். அவள் போன அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அது நடந்தது.

குழி தயாராக இருந்தது. பெட்டி இறங்குவதற்கு முன் சஹ்விரா குழியை அளந்து பார்ப்பது வழக்கம். உள்ளே இறங்கிப் படுத்துக்கொண்டு, வசதியாக இருக்கிறது, இது எனக்குத்தான், எழுந்திருக்க மாட்டேன் என்று அடம் பிடிப்பான். வீட்டார் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சேவலுக்கோ ஆட்டுக்கோ ஒப்புக்கொண்ட பிறகு ஏறுவான். நாபோத் தன் வாழ்நாளில் முப்பது குழியில் படுத்து எழுந்தவர்.

"கையக் குடுங்கடா," என்று குழி வெட்டின ஆட்களிடம் சொன்னார்.

"வேணாம் சோக்கோ, இடுப்பு..."

"இடுப்பு என்னுதா உன்னுதா?"

தோளுக்கடியில் பிடித்து இறக்கினார்கள். உள்ளே செம்மண் குளிர்ச்சியாக இருந்தது. நான்கு மாதத்தில் அவர் உடம்பு அனுபவித்த முதல் குளிர்ச்சி. நீட்டிப் படுத்தார். படுக்கும்போது வலது இடுப்புக்குள் ஏதோ நறுக்கென்று பிடித்தது. வலி கண்ணை மறைத்தது.

"நல்லாயிருக்கு," என்று சத்தம் போட்டார். "நான் எந்திரிக்க மாட்டேன்!"

மேலே சிரிப்பு. பெட்ரோஸ் ஒரு சேவல் தருகிறேன் என்றான். இரண்டு என்றான். அடுத்து ஆடு. நாபோத் முழங்கையை ஊன்றிப் பார்த்தார். கால் கேட்கவில்லை.

"எந்திரிக்க முடியலடா," என்றார்.

சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. "மாடு கேக்கறாரு!" என்று யாரோ கத்தினான்.

"நெசமாத்தான்டா. முடியல."

ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. இதைவிடத் தத்ரூபமாக யாரும் செய்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். நாபோத்துக்கு மேலே ஒரு நீட்டுத் துண்டு வானம். அதன் விளிம்பைச் சுற்றிச் சிரிக்கிற வாய்கள். மகள் வீட்டு மதிலாவது தேவலை. ஆண்டவரே, வேடிக்கையில நீங்க என்னை மிஞ்சிட்டீங்க, என்று மனதுக்குள் சொன்னார். இங்கதான் அவனப் படுக்க வைக்கப் போறாங்க. இந்த மண்ணு மேல. இதே எடத்துல. நாய்க்குப் போடுன்னு சொன்னேனே, அவன் உசுரோட இருக்கான்னு நெனச்சுச் சொன்னேனே. முந்தின நாளிலிருந்து விழுங்கி வைத்திருந்தது அப்போது பொங்கிவிட்டது. கண்ணிலிருந்து வழிந்து காதுக்குள் இறங்கியது. கையால் மூடினால், மூடுவதே காட்டிக்கொடுத்துவிடும். இன்னும் ஒரு நொடியில் யாராவது பார்த்துவிடுவார்கள். பார்த்துவிட்டால் எல்லாம் போயிற்று.

மைதெய் தண்ணீர்ச் செம்போடு குழியோரம் வந்தாள். "முடியலடா" என்ற குரல் அவள் காதில் விழுந்தது. ஊருக்கு அது கூத்து. அவளுக்கு அது வார்டில் தினமும் கேட்கிற குரல். எட்டிப் பார்த்தாள். அப்பாவின் கண் அவள் கண்ணைப் பிடித்தது. ஐயோ அப்பா என்று கத்தத்தான் வாய் எடுத்தாள்.

செம்பைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றினாள்.

"ஏய் ஷும்பாக்களே! என்னடா சேவலு ஆடுன்னு பேரம் பேசிக்கிட்டிருக்கீங்க? இந்தக் கொரங்கு எதுக்கு உள்ள படுத்திருக்குன்னு தெரியுமா? நாலு மாசமா என் வீட்டுல ஓசிச் சோறு. ஹராரேல நான் வாடக கேக்க ஆரம்பிச்சுட்டேன். இங்க ஓசியில ஒரு ரூம் கெடச்சதும் வந்து படுத்துட்டாரு!"

ஒரு கணம் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வந்தது பாருங்கள் சிரிப்பு, மரத்திலிருந்த புறாக்கள் கிளம்பிவிட்டன.

"மூஞ்சியப் பாரு, மூஞ்சிய!" மைதெய் இடுப்பில் சுற்றியிருந்த துணியை உருவினாள். "இதக் கண்டா செக்கரியா பெட்டிக்குள்ளயே குப்புறப் படுத்துக்குவான். மூடுங்கடா இத!" துணி விரிந்து இறங்கி நாபோத்தின் முகத்தை மூடியது. "நாலு பேரு எறங்கு. டேய், இடுப்புல கை வைக்காத, அது என் சொத்து! தொடைக்கு அடியில ரெண்டு பேரு, முதுகுக்கு ரெண்டு பேரு. பலகையக் கொண்டா. ஒடம்பு வளையாம, பச்ச முட்ட தூக்குற மாதிரி நேராத் தூக்கு. கோணினா ஆளுக்கு ஒரு மாடு அபராதம்!"

தூக்கினார்கள். சிரித்துக்கொண்டே, ஆனால் அவள் சொன்ன சொல் பிசகாமல், பலகையோடு நேராகத் தூக்கினார்கள். கிழவிகள் குலவை போட்டார்கள். வழிநெடுக மைதெய் வைதுகொண்டே வந்தாள். தன் வாயிலிருந்து இதெல்லாம் எப்படி வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. மரநிழலில் பலகையை வைக்கச் சொல்லி, ஆட்களை விரட்டிவிட்டு, பக்கத்தில் மண்டியிட்டுக் காலைத் தொட்டுப் பார்த்தாள். விரல் அசைந்தது.

அங்கே பெட்டி இறங்கத் தொடங்கியிருந்தது. பெண்கள் பாட்டு எழும்பியது. துணிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"தாயி."

"சொல்லுங்கப்பா."

"நல்லாப் பேசின. கொஞ்சம் எரைஞ்சிட்ட."

"சரிப்பா."

துணி ஈரமாகி மூக்கோடும் வாயோடும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு மூச்சு முட்டுமோ என்று அவள் அதன் ஓரத்தைத் தூக்கப் போனாள். அவர் கை எழும்பி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"எடுக்காத," என்றார். "எனக்கு இன்னும் முடியல."